முன்னுக்குப் போன பந்து

செப்டெம்பர் 7, சனி

காலை 138/86. பின்னேரம் 141/88.

டொக்டர் நாகேந்திரா இந்தக் கொப்பியைத் தந்து மூன்று கிழமை. பிறஷரோடு அன்றன்று நடந்ததையும் இரண்டு வரி எழுதச் சொல்லியிருக்கிறார். எது ஏத்துகிறது, எது இறக்குகிறது என்று பார்க்கலாமாம். அவர் இரண்டு வரி கேட்டார், நான் இரண்டு பக்கம் எழுதுகிறேன். மனைவி சுகிர்தா சிரிக்கிறாள்.

இன்றைக்கு ஏணி வைத்துக் கூரைப் பீலிக்குள் கிடந்த சருகை அள்ளினேன். இரண்டு வாளி. அதற்குப் பிறகு எடுத்ததுதான் 141.

மத்தியானம் மகள் ஆரபி போன் எடுத்தாள். நாளைக்கு நடக்கும் றக்பி இறுதி ஆட்டத்துக்கு அவள்தான் மத்தியஸ்தர். இருபத்துநாலு வயசு. எங்கள் மாவட்டத்தில் ஆண்களின் இறுதி ஆட்டத்துக்கு விசில் ஊதும் முதல் பெண் என்று சங்கம் சொல்லியிருக்கிறதாம். இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிறகுதான் யோசித்தேன், ஆடப்போவது ரிவர்சைடும் எங்கள் கிங்ஃபிஷர்சும். நான் பத்தொன்பது வருடமாக கிங்ஃபிஷர்ஸ் ஆள்.

"சங்கத்துக்குச் சொன்னனான், அப்பா அவையின்ர ஆள் எண்டு. இஞ்ச ஒவ்வொருத்தற்ற அப்பாவும் ஏதோ ஒரு கழகம்தானே, பரவாயில்லை எண்டு சொல்லிப்போட்டினம்" என்றாள்.

"அப்ப நான் வரலாமோ?"

"வாங்கோ. ஆனா சத்தம் போடக்கூடாது. சரியோ?"

"சரி பிள்ளை."

"சத்தியமா?"

"சத்தியமா."

செப்டெம்பர் 8, ஞாயிறு

தோற்றுவிட்டோம். 16–18. தலையிடி. பிறஷர் எடுக்கவில்லை.

செப்டெம்பர் 9, திங்கள்

காலை 151/94.

டொக்டருக்குக் கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். விளங்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். றக்பி லீக்கில் பந்தைக் கையில் கொண்டு ஓடி, எதிரணியின் கோட்டுக்கு அப்பால் நிலத்தில் வைத்தால் நான்கு புள்ளி. அதுதான் ட்ரை. ஓடும்போது பந்தைப் பக்கத்தில் வருபவனுக்கோ பின்னால் வருபவனுக்கோ எறியலாம். முன்னுக்கு எறியக்கூடாது. இந்த ஒரு விதிக்காகவே உலகத்தில் பாதிச் சண்டை.

நேற்று 16–14 என்று நாங்கள் முன்னால். ஒரு நிமிடம்தான் இருந்தது, பந்தும் எங்களிடம். பேசாமல் தூர உதைத்துவிட்டு நின்றிருக்கலாம். எங்கள் பெடியன் இன்னும் ஒரு புள்ளி எடுக்கலாம் என்று கம்பத்துக்கு உதைத்தான். அவர்கள் பாய்ந்து மறித்தார்கள். பந்து அவர்கள் கைக்குப் போய்விட்டது. மூன்று பேர் கை மாற்றிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் எறிந்த பந்து முன்னுக்குப் போனது. இல்லை, போனமாதிரித் தெரிந்தது. மத்தியஸ்தர் ஊதவில்லை. அவன் கோட்டுக்குள் விழுந்தான். ட்ரை. அதோடு மணி அடித்தது.

இன்றைக்கு டிப்போவில் பஸ்களைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. தேநீர் அறையில் கெவின் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினான். அவன் இங்கேயே பிறந்தவன். அவனுடைய தகப்பன் கிங்ஃபிஷர்சுக்கு ஆடியவர்.

"இரண்டு மீற்றர் முன்னுக்குப் போனது. என்ர பேத்தி பாத்தாலும் ஊதியிருப்பாள்."

"போகேல்லை" என்றான் செமி. ஃபீஜிக்காரன், என்னோடு எட்டு வருடம் பஸ் ஓட்டுகிறவன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்னோடு வருகிறவன். கிங்ஃபிஷர்ஸ் தோற்றால் இரண்டு நாள் சாப்பிடமாட்டான். அப்படிப்பட்டவன் சொல்கிறான். "கையிலயிருந்து பின்னுக்குத்தான் போனது. ஓடுற வேகத்தில பந்தும் முன்னுக்கு வரும். விதி கையைத்தான் பாக்கச் சொல்லுது. நிலத்தைப் பாக்கச் சொல்லேல்லை."

"உது சும்மா சாட்டு" என்றான் கெவின்.

செமி எழுந்து தன் தோடம்பழத்தை எடுத்தான். நூற்றிப்பத்துக் கிலோ மனிதன், நடைபாதையில் ஓடிவந்து, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைத் தாண்டும்போது பழத்தைத் தோளுக்கு மேலால் பின்னுக்கு எறிந்தான். அது கோட்டையும் தாண்டி, முன்னுக்குத்தான் வந்து விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு இது விளங்கவேண்டும் என்றான் செமி. ஓடுற பஸ்ஸுக்குள்ளே ஒருத்தன் பின்னுக்கு நடந்தாலும், வெளியில் நிற்கிறவனுக்கு அவன் முன்னுக்குத்தான் போவான்.

"கேண்டி, நீ சொல்லு" என்றான் கெவின். என் சட்டையில் கந்தையா என்று அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. அதைத்தான் இவர்கள் கேண்டி ஆக்கினார்கள். தயாபரன் என்ற என் பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆரபியின் பெயருக்குப் பின்னால் இருப்பது அந்தத் தயாபரன்தான், அதனால் அவள் என் மகள் என்று இவர்களுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

"முன்னுக்குத்தான் போனது" என்றேன்.

"பாத்தியோ!" என்றான் கெவின்.

பின்னேரம் 154/95.

செப்டெம்பர் 10, செவ்வாய்

காலை 149/93.

யாரோ கைபேசியில் எடுத்த வீடியோ எல்லா இடமும் சுற்றுகிறது. கடைசி இருபது செக்கன். எங்கள் ஆட்கள் இருந்த வாங்குகளிலிருந்து எடுத்தது. பந்து எறியும்போது கமராவுக்குப் பக்கத்தில் யாரோ ஒருவன் "ஃபோர்வேர்ட்!" என்று கத்துகிறான். ட்ரை கொடுத்த பிறகு அதே ஆள், "கண் தெரியாதா றெஃப்? கோ ஹோம்! கோ ஹோம்!" என்கிறான். மைதானத்தில் எல்லாரும் கத்துவதுதான். வீட்டுக்குப் போ என்றால், உனக்கு இந்த வேலை தெரியாது, விடு என்று அர்த்தம். வேறொன்றும் இல்லை.

நாற்பத்தோராயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே கருத்துகள். நான் முதல் முப்பதைத்தான் வாசித்தேன். ஆரபியின் படத்தைப் போட்டு அதற்குக் கீழே அந்த இரண்டு சொல்லையும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதுகிற அர்த்தம் வேறு. எந்த நாட்டு வீடு என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான். ஒருத்தன் விமானத்தின் படம் போட்டிருக்கிறான். அவள் பிறந்தது இங்கே, எங்கள் வீட்டிலிருந்து ஐந்து கிலோமீற்றரில் இருக்கிற ஆஸ்பத்திரியில்.

சுகிர்தாவுக்கு அவளுடைய தங்கச்சி கனடாவிலிருந்து அனுப்பியிருக்கிறாள். சோறு போட்டுவிட்டுக் கையில் போனோடு என்முன் வந்து இருந்தாள். வீடியோ ஓடியது.

"திருப்பிப் போடுறன்" என்றாள்.

திருப்பிப் போட்டாள். மூன்றாம் முறையும் போட்டாள். படத்தை அவள் பார்க்கவில்லை, போனைக் காதோடு வைத்திருந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சட்டி கழுவினாள். கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு இல்லை. அப்படியே சாப்பிட்டேன்.

செப்டெம்பர் 11, புதன்

157/97.

செப்டெம்பர் 12, வியாழன்

காலை 155/96. மாத்திரையை அரையிலிருந்து ஒன்றாக்கச் சொல்லி டொக்டர் போனில் சொன்னார். "வேலையில ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆரபி பிசியோதெரபிஸ்ட். முழங்கால் முறிந்தவர்களை நடக்கப் பழக்குகிறாள். நேற்று ஒரு நோயாளி தனக்கு வேறு ஆள் வேண்டும் என்று கேட்டானாம். இன்றைக்குக் காலை அவளுடைய காரின் கண்ணாடியில் வெள்ளைக் கோலின் படம் ஒன்று செருகியிருந்ததாம், கண் தெரியாதவர்கள் வைத்திருக்கிற கோல். இதை எனக்கு அவள் சொல்லவில்லை. தாய்க்குச் சொன்னாள். தாய் எனக்குச் சொன்னாள், சுவரைப் பார்த்தபடி.

சங்கம் விசாரணை தொடங்கிவிட்டது. வீடியோவில் கத்திய ஆள் யார் என்று கழகத்திடம் பெயர் கேட்டிருக்கிறது. கண்டுபிடித்தால் மைதானங்களுக்குள் வரத் தடையாம். தேநீர் அறையில் இதுதான் கதை.

"ஒருத்தரும் சொல்லமாட்டாங்கள்" என்றான் கெவின். "அவன் வீரன். எல்லாற்ற மனசிலயும் இருந்ததை அவன்தான் சொன்னவன். ஆரெண்டு தெரிஞ்சா நான் ஒரு பியர் வாங்கிக் குடுப்பன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது செமி என் பக்கத்தில் வந்தான். "கேண்டி, நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்றான். ஏன் என்னிடம் வந்து அப்படிச் சொன்னான் என்று தெரியவில்லை. ஆட்டத்தில் என் பக்கத்தில்தான் இருந்தான், அதனால் இருக்கலாம்.

செப்டெம்பர் 14, சனி

காலை 150/95.

ஆரபி மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தாள். சுகிர்தா இறால் பொரித்திருந்தாள். பிள்ளை இரண்டை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"சங்கத்தில என்ன சொல்லினம்?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாள் பொறு, சனம் அடங்கட்டும் எண்டினம். எனக்கு இனி வேண்டாம் அப்பா. விசிலைக் குடுத்திட்டு விடப்போறன்."

"ஒரு ஆட்டத்துக்காக விடுறதோ? எட்டு வருசம் கஷ்டப்பட்டிருக்கிறாய்."

அவள் என்னைப் பார்த்தாள். நீளமாகப் பார்த்தாள். "நீங்கள் சொல்லுங்கோ. பந்து முன்னுக்குப் போனதோ?"

சுகிர்தா அகப்பையைக் கையில் வைத்தபடி நின்றாள். அசையவில்லை.

"நான் இருந்த இடத்திலயிருந்து வடிவாத் தெரியேல்லை" என்றேன்.

"ஓ" என்றாள் ஆரபி.

பிறகு அவளுடைய காருக்கு எண்ணெய் பார்த்தேன், டயருக்குக் காற்று அடித்தேன். முன் இடப்பக்கத்து டயர் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும். அவள் போகும்போது வழமைபோலக் கன்னத்தில் கொஞ்சவில்லை. அவசரமாகப் போனாள்.

செப்டெம்பர் 16, திங்கள்

காலை 162/100.

இன்றைக்குப் பாடசாலைக்கு முன்னால் இருக்கிற தரிப்பில் நிற்காமல் போய்விட்டேன். ஆட்கள் மணி அடித்தது காதில் விழவில்லை. ஒரு சீனப் பெண்மணி முன்னுக்கு வந்து என் தோளைத் தொட்டு, "டிரைவர், நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா?" என்று கேட்டா. அடுத்த சந்தியில் சிவப்பு விளக்கைக் கடைசி நேரத்தில்தான் கண்டேன். நின்றிருந்தவர்கள் எல்லாரும் முன்னுக்குச் சரிந்தார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை. முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள்.

சுகவீனம் என்று சொல்லிப் பாதியில் பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு வந்தேன். நாளைக்கும் லீவு.

செப்டெம்பர் 17, செவ்வாய்

எடுக்கவில்லை.

டொக்டர் எண்களை மட்டும்தான் பார்ப்பார், இதையெல்லாம் வாசிக்கமாட்டார். வாசித்தாலும் பரவாயில்லை.

கத்தியது நான்.

பந்து எறியும்போது எழுந்து நின்றுவிட்டேன். சத்தியம் செய்தது நினைவில்லை. அங்கே நிற்பது என் பிள்ளை என்பதும் நினைவில்லை. கறுப்புச் சட்டை போட்ட ஒரு மத்தியஸ்தர், அவ்வளவுதான். "ஃபோர்வேர்ட்" என்று கத்தினேன். அவள் ஊதவில்லை. அதற்குப் பிறகு வந்தவை என் வாயிலிருந்து வந்தவைதான். பத்தொன்பது வருடமாக எந்த மத்தியஸ்தர் பிழை விட்டாலும் அதே இரண்டு சொல்லைத்தான் கத்துவேன். சுற்றி இருப்பவர்கள் கத்துவதைப் பார்த்துப் பழகினது. நானும் இவர்களில் ஒருவன் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது அப்படிச் சேர்ந்து கத்தின ஒரு நாளில்தான்.

எனக்கு அந்தச் சொல் புதிதில்லை. 1999இல், இந்த நாட்டுக்கு வந்து நாலாம் மாசம், ரயிலில் ஒருத்தன் என் முகத்துக்குக் கிட்ட வந்து அதே இரண்டு சொல்லைச் சொன்னான். அடுத்த நிலையத்தில் இறங்கி, வேலைக்கு மிச்சத் தூரம் நடந்து போனேன். அதை நான் சுகிர்தாவுக்கும் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சுகிர்தா தேத்தண்ணியோடு வந்தாள். "இஞ்சரும்" என்றேன். "அந்த வீடியோவில..."

"தெரியும்" என்றாள். "இருபத்தெட்டு வருசமாக் கேக்கிற குரல். எனக்குத் தெரியாமல் போகுமோ? நீங்களாச் சொல்லுவியள் எண்டு ஒரு கிழமையாப் பாத்துக்கொண்டிருக்கிறன்."

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"அதைப் பிள்ளையிட்டக் கேளுங்கோ."

செப்டெம்பர் 18, புதன்

காலை 156/97.

வேலைக்குப் போனேன். முதலில் செமியிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். பஸ் கழுவுகிற இடத்தில் பிடித்தேன்.

"அந்த மத்தியஸ்தர் என்ர மகள்."

தண்ணீர்க் குழாய் அவன் கையில் ஓடிக்கொண்டிருந்தது. சப்பாத்தெல்லாம் நனைந்தது, அவன் கவனிக்கவில்லை.

"உன்ர மகளா?"

"ஓம்."

"அப்ப இந்த ஒன்பது நாளா நான் உன்ர மகளுக்காக உன்னோட சண்டை பிடிச்சிருக்கிறன்?"

நான் தலையாட்டினேன். அவன் குழாயைப் பூட்டிவிட்டுப் பஸ்ஸின் படியில் இருந்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நனைந்த சப்பாத்தைக் கழற்றித் தண்ணீரை ஊற்றினான். கடைசியில், "எனக்கு மூண்டு பெட்டையள்" என்றான். "போ, கேண்டி. இண்டைக்கே போ."

இன்றைக்குப் போக முடியவில்லை. பின்னேர ஷிஃப்ட் ஒருவன் வரவில்லை, அதையும் நானே எடுத்தேன். எடுக்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

செப்டெம்பர் 19, வியாழன்

ஆரபியின் ஃபிளாற் மூன்றாம் மாடி. லிஃப்ட் இருக்கிறது, படியால் ஏறினேன். ஏறும்போது சொல்லவேண்டியதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்த்தேன். கதவு திறந்ததும் இரண்டும் போய்விட்டன.

"நான்தான் பிள்ளை" என்றேன்.

"தெரியுது, உள்ள வாங்கோ."

"அதில்லை. வீடியோவில..."

"அதுவும் தெரியும்."

அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. நான் கதவடியில் நின்றேன். இருக்கச் சொல்லவில்லை.

"எப்ப தெரியும்?"

"அங்கேயே. அப்பா, ஆயிரத்தைந்நூறு சனம் இருந்தது. ஆயிரத்தைந்நூறு பேர் கத்தினாலும் எனக்கு அது வெறும் இரைச்சல். அப்பிடித்தான் பழக்கியிருக்கினம். அதுக்குள்ள உங்கட குரல் மட்டும் தனியாக் கேட்டுது. சின்னனில ரோட்டைக் கடக்கேக்க 'ஆரபி!' எண்டு கத்துவியள், அதே குரல்."

"மன்னிச்சுக்கொள்ளம்மா."

"பொறுங்கோ, நான் முடிக்கேல்லை." மடித்த துவாயை மேசையில் வைத்தாள். "அவன் எறியேக்க எனக்குச் சந்தேகமா இருந்தது. விசில் வாயில. ஊதப் போனனான். அப்பத்தான் நீங்கள் கத்தினியள். நான் ஊதேல்லை."

எனக்கு உடனே விளங்கவில்லை.

"ஊதினா, அப்பா சொல்லி ஊதினமாதிரி வந்திடும் எண்டு நினைச்சு விட்டனோ, இல்லாட்டி பந்து உண்மையிலயே சரியாத்தான் போனதோ, எனக்குத் தெரியேல்லை. பதினொரு நாளா அதைத்தான் யோசிக்கிறன். சனம் எழுதுறதை நான் தாங்குவன். உந்த வெள்ளைக் கோலையும் தாங்குவன். இது என்னால ஏலாமல் இருக்கு. எனக்கு என்ர கண்ணிலயே நம்பிக்கை இல்லாமல் போச்சு."

நான் கத்தாமல் இருந்திருந்தால் அவள் ஊதியிருப்பாள். நாங்கள் வென்றிருக்கவும்கூடும். எனக்கு முதலில் தோன்றியது அதுதான். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இரண்டாவதாகத்தான் பிள்ளையின் முகம் தெரிந்தது.

"நான் சங்கத்தில போய்ச் சொல்லுறன்."

"சொல்லுங்கோ. ஆனா எனக்காகச் சொல்லவேண்டாம். எனக்காகச் செய்யிறன் எண்டு வந்தா, பேந்து நான்தான் உங்களை ஆறுதல்படுத்தவேணும். இப்ப என்னால அது ஏலாது."

"தேத்தண்ணி போடட்டோ?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"இல்லை அப்பா. போயிட்டு வாங்கோ."

படியால் இறங்கினேன்.

செப்டெம்பர் 20, வெள்ளி

காலை 159/98.

கழகத்தின் இணையப் பக்கத்தில் எழுதினேன். ஆங்கிலத்தில் ஆறு வரி. செமி எழுத்துப்பிழை பார்த்தான். வீடியோவில் கத்துவது நான், என் பெயர் தயாபரன் கந்தையா, அந்த மத்தியஸ்தர் என் மகள், அவளுடைய வீடு இதுதான். அனுப்பும் பொத்தானை அமத்தக் கால் மணித்தியாலம் எடுத்தது.

தேநீர் அறைக்குள் போனபோது கதை நின்றது. கெவின் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முதலே சொல்லியிருக்கலாம், கேண்டி."

"சொல்லியிருந்தா?"

"நாங்கள் அப்பிடிக் கதைச்சிருக்கமாட்டம்."

வேறு யாரோ ஒருவருடைய மகள் என்றால் மட்டும் கதைக்கலாமோ என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. கதைத்தவர்களில் நானும் ஒருவன். கெவின் எழுந்து போகும்போது, "பியர் கதையை மறந்திடு" என்றான். பகிடியாகச் சொன்னானோ தெரியவில்லை.

செப்டெம்பர் 24, செவ்வாய்

சங்கத்தின் அலுவலகம் ஒரு நீச்சல் தடாகத்துக்கு மேல்மாடியில். குளோரின் மணம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவ வயசான பெண்மணி, வெட்டிய நரைமயிர், முன்னாள் மத்தியஸ்தராம். சுகிர்தா சேலை கட்டிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அவள் வருவாள் என்று நான் நினைக்கவில்லை.

"அந்தக் கடைசி இரண்டு சொல்லையும் எந்த அர்த்தத்தில் சொன்னீர்கள்?" என்று நரைமயிர்க்காரி கேட்டா.

"அர்த்தம் பார்க்காமல் சொன்னேன்."

"உங்களுக்கு யாராவது அப்படிச் சொல்லியிருக்கிறார்களா?"

ரயிலைச் சொன்னேன். சுகிர்தா என் பக்கம் திரும்பியது தெரிந்தது.

அவ நீண்ட நேரம் எழுதினா. அடுத்த வருட முடிவு வரை மாவட்டத்தின் எந்த மைதானத்துக்குள்ளும் நான் போகக்கூடாது. பெரியவர் ஆட்டம், சிறுவர் ஆட்டம், எதுவும். மேன்முறையீடு செய்யலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

கதவடியில் நரைமயிர்க்காரி என்னை நிறுத்தினா. "இது தீர்ப்பில் இல்லை, சும்மா சொல்கிறேன். நான் அந்த வீடியோவை அறுபது தடவை பார்த்தேன். அந்தக் கோணத்தில் இருந்து ஒருவராலும் சொல்லமுடியாது. முன்னுக்குப் போனதா இல்லையா என்று சரியாகப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றது ஒரு ஆள்தான்."

காருக்குள் ஏறிய பிறகு சுகிர்தா, "ரயில் கதையை ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டாள்.

"வெட்கமா இருந்தது."

"ஆருக்கு வெட்கம்? சொன்னவனுக்கெல்லோ இருக்கவேணும்."

வீட்டுக்கு வந்ததும் நரைமயிர்க்காரி சொன்னதை ஆரபிக்கு எழுதி அனுப்பினேன். வாசித்துவிட்டாள், இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

செப்டெம்பர் 29, ஞாயிறு

147/92. ஆரபி வரவில்லை. டயர் மாற்றிவிட்டாளா என்று தாயிடம் கேட்கச் சொன்னேன். மாற்றிவிட்டாளாம்.

ஒக்டோபர் 5, சனி

144/90.

ஆரபி வந்தாள். எனக்கு முன்னால் இருந்துதான் சாப்பிட்டாள். சங்கம் கூப்பிட்டிருக்கிறதாம். பதின்மூன்று வயசுக்குட்பட்ட பெண் பிள்ளைகளின் போட்டி, ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். ஊத விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள்.

"என்ன சொன்னனீ?" என்று கேட்டேன்.

"இன்னும் சொல்லேல்லை."

எட்டு வருடக் கஷ்டத்தை நான் திரும்ப எடுக்கவில்லை. மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தால், "ஓம் எண்டு சொல்லப்போறன்" என்றாள். தாய்க்குத்தான் சொன்னாள், ஆனால் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

ஒக்டோபர் 19, சனி

காலை எடுக்கவில்லை. நேரம் இருக்கவில்லை.

பத்து மணிக்கு ஆட்டம். மைதானத்துக்கு எதிர்ப்பக்கம், ரோட்டின் மறுகரையில் காரை விட்டேன். ரோடு மாநகரசபையின் ரோடு, அதில் நிற்கத் தடை இல்லை என்று செமி விசாரித்துச் சொன்னான். ஆனால் வேலியோரம் செடி அடர்த்தி. திடல் தெரியாது. சுகிர்தா மட்டும் குடையும் மடிக்கிற கதிரையும் கொண்டு உள்ளே போனாள். பிள்ளை எட்டு வருடம் ஊதுகிறாள், தாய் பார்க்கப்போவது இதுதான் முதல் தரம்.

கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு இருந்தேன். விசில் கேட்டது. ஒரு நீளமான ஊதல், தொடக்கம். பிறகு பிள்ளைகளின் கீச்சுக்குரல்கள், தாய்மாரின் கைதட்டல். குறுகிய ஊதல், ஏதோ பிழை. இரண்டு ஊதல், என்னவென்று தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நாய் கொண்டு போன ஒருத்தர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டாம் பாதியில் சத்தம் கூடியது. யாரோ கோட்டை நோக்கி ஓடுகிறார்கள் என்று விளங்கியது. அப்போது ஒரு ஆம்பிளைக் குரல், மற்ற எல்லாச் சத்தத்துக்கும் மேலால்.

"ஃபோர்வேர்ட்! றெஃப்! ஃபோர்வேர்ட்!"

நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். அவள் ஊதுவாளா, மாட்டாளா. ஒரு செக்கன் இருக்கும், இரண்டு இருக்கும். பந்து முன்னுக்குப் போனதோ பின்னுக்குப் போனதோ, அது எனக்கு வேண்டாம். அவள் எதைக் கண்டாளோ அதைச் செய்யட்டும் என்று இருந்தது.

விசில் கேட்டது. ஒரே ஊதல், அழுத்தமாக. அது ட்ரைக்கா, பிழைக்கா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆள் திரும்பவும் ஏதோ கத்தினான். அதற்குப் பிறகு ஆட்டம் தொடர்ந்து நடந்த சத்தம்தான்.

முடிந்ததும் கார்க் கதவைத் திறந்துகொண்டு ரோட்டைக் கடந்தேன். வேலிக்கு வெளியில் நின்றேன். சுகிர்தா கதிரையை மடித்தபடி அந்தப் பக்கம் வந்தாள். முகமெல்லாம் வெயில்.

"என்ன நடந்தது? ஒருத்தன் கத்தினானே, அப்ப என்ன குடுத்தவள்?"

"எனக்கு உந்த விளையாட்டு என்ன விளங்குது?" என்றாள் சுகிர்தா. "ஆரோ கத்தினான். அவள் திரும்பியும் பாக்கேல்லை."